தைத்த கப்பலும் பூட்டிய கப்பலும்

கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 60 மைல் உள்ளடங்கிய திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் கப்பல் கட்டும் கலையைப் பற்றி எழுதப் புகுந்தால், "மலையடிவாரத்து மனிதருக்கு மரக்கலத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று நேயர்கள் கேட்பது நியாயமே. அதற்கு என் சமாதானம் இதுதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கிரேக்கர்களின் போர்க்கப்பலைப் பற்றிச் சரளமாகப் பேசுகிறார்கள். கி.மு. 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படையை முறியடித்த கப்பல்களில் துடுப்புகள் மூன்று வரிசைகளாக இருந்தன என்பதும், ஒவ்வொரு கப்பலிலும் 170 பேர் துடுப்பு வலித்தார்கள் என்பதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், "சென்னையில் துறைமுகம் ஏற்படுவதற்கு முன்னால் கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களைக் கொண்டுவந்த மசூலாப் படகு எப்படிக் கட்டப்பட்டது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேள்வியைப் பெரியவர்களிடம் கேட்டாலும் பதில் அதேதான்.

தெரிந்தவர்கள் சிலர் சொல்லும் பதில் இன்னும் விசித்திரமானது. "அது கயிற்றால் தைத்த படகு. ஆணி அடிக்கத் தெரியாத காலத்துச் சமாசாரம்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு சரியானதுதானா என்று சற்று விசாரித்துப் பார்ப்போம்.

கிரேக்கரும் தைத்தவர்களே

கப்பல் கட்டும் கலையில் தலையாய பிரச்னை ஒன்றுதான். ஒரு பலகையை மற்றொரு பலகையோடு எப்படிச் சேர்ப்பது? இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகக்கூடாது. அலை எவ்வளவு முறுக்கினாலும் பிரியக்கூடாது. பாயும் துடுப்பும் சுக்கானும் அதற்கு அப்புறம் வருகிற விஷயங்கள். ஒரு தேசத்தார் பலகையைச் சேர்க்கும் முறையைக் கொண்டே அவர்கள் எத்தகைய கடலில் வாழ்ந்தார்கள், என்ன மரம் வைத்திருந்தார்கள், எத்தகைய தொழிலாளிகள் அவர்களிடம் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

புராதன கிரேக்கர்கள் தங்கள் மரக்கலங்களை ஆதியில் கயிற்றால் தைத்தார்கள் என்றால் நேயர்கள் ஆச்சரியப்படக்கூடும். ஹோமர் மகாகவியின் இலியத் காவியத்தில், டிராய் நகரத்து முற்றுகை ஒன்பது வருஷம் நீண்டுவிட்டதால் கப்பல்களின் மரம் உளுத்துக் கயிறுகள் தளர்ந்துவிட்டன என்ற குறிப்பு வருகிறது. அந்தக் கயிறு பலகையைத் தைத்த கயிறே என்று கொள்ளும் அறிஞர் உண்டு. பிரான்ஸ் தேசத்தின் மார்ஸேல்ஸ் நகரம் கிரேக்கர் குடியேறி உண்டாக்கியது. அங்கே 1993-இல் நிலத்தைத் தோண்டியபோது கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு மரக்கலங்கள் அகப்பட்டன. ஒன்று முழுவதும் நூலால் தைக்கப்பட்டது. மற்றொன்றில் பெரும்பகுதி மரப்பூட்டு. இரண்டு முனைகளில் மட்டும் தையல். பழைய முறை போய்ப் புதிய முறை வந்த தருணத்தை ஒரே இடத்தில் பூமாதேவி பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

அந்த மரப்பூட்டு என்பது என்ன? ஒரு பலகையின் விளிம்பில் செவ்வகமான துளை குடைவார்கள். அதற்கு நேராக அடுத்த பலகையின் விளிம்பிலும் ஒரு துளை. இரண்டுக்கும் நடுவே கெட்டியான மரநாக்கு ஒன்றைச் செருகிப் பலகைகளை இறுக்குவார்கள். பிறகு நாக்கு நழுவாதபடி குறுக்கே மரமுளை அடித்துவிடுவார்கள். இப்படி ஆயிரக்கணக்கான நாக்குகள் ஒரு கப்பலில் இருக்கும். இதில் கிரேக்கர்களுக்கு முன்னோடிகள் மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் வாழ்ந்தவர்கள். துருக்கி தேசத்துக் கரையருகே உலுபுருன் என்னுமிடத்தில் 1982-இல் கண்டறியப்பட்ட கப்பல் ஏறக்குறைய கி.மு. 1300-இல் மூழ்கியது. சுமார் 10 டன் செம்பையும் 1 டன் வெள்ளீயத்தையும் சுமந்த அந்தக் கப்பலின் தேவதாருப் பலகைகள் இதே மாதிரி பூட்டப்பட்டிருந்தன. ரோமானியர்கள் இந்த இணைப்பைப் பினீஷிய ஜாதியாரின் பெயராலேயே அழைத்தார்கள்.

சைப்ரஸ் தீவில் கைரீனியா துறைக்கு வெளியே 1965-இல் ஒரு முக்குளிப்பாளர் கண்ணில் பட்ட வர்த்தகக் கப்பல் இந்த முறைக்குச் சிறந்த சாட்சி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூழ்கிய அது சுமார் 14 மீட்டர் நீளமுள்ளது. ஏறக்குறைய 400 சாடிகளும் ஆயிரக்கணக்கான வாதுமைக் கொட்டைகளும் அதில் இருந்தன. நான்கு பேர் சாப்பிடும் பாத்திரங்கள் கிடைத்தபடியால் மாலுமிகள் நால்வர் என்று தெரிகிறது. இக்கப்பலில் முதலில் பலகைகளைப் பூட்டிப் பூட்டி வெளிக்கூட்டை முடித்திருக்கிறார்கள். உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் வங்குகளைப் பிற்பாடுதான் பொருத்தியிருக்கிறார்கள். வீட்டுக்குச் சுவரை முதலில் எழுப்பிவிட்டு அப்புறம் தூணை நிறுத்துவதுபோல் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தக் கப்பலில் பலமெல்லாம் சுவரிலேயே இருந்தது.

தேர் சொல்லும் பாடம்

இனி நம் கடற்கரைக்கு வருவோம். நம்மவர்கள் பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். இணைப்பின்மேல் நாரை அடக்கி வைத்து அதையும் சேர்த்து இறுக்கினார்கள். மசூலாப் படகில் வங்குக்கட்டை என்பதே கிடையாது. கயிற்றை அவிழ்த்தால் படகு பலகை பலகையாகப் பிரிந்துவிடும். பழுதான பலகையை மாற்றி மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

பூட்டுக்கும் தையலுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிய விரும்புகிறவர்கள் கடலுக்குப் போகவேண்டியதில்லை. கார்த்திகைத் தீபத்தின்போது எங்கள் ஊர்ப் பெரிய தேரைப் பார்த்தால் போதும். தேரின் அடிப்பகுதியில் கனத்த மரங்களைத் துளையும் நாக்குமாகப் பூட்டியிருப்பார்கள். பாரத்தைத் தாங்கவேண்டிய இடம் அது, அசையக்கூடாது. மேலே விமானம்போல் எழும்பும் பகுதியையோ கழிகளை நிறுத்திக் கயிற்றால் கட்டிச் சீலை போர்த்துவார்கள். சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது மேற்கட்டு முழுவதும் ஒருமுறை ஆடி, பிறகு நிலைகொள்ளும். கட்டு சிறிது இடம் கொடுப்பதால்தான் கழிகள் முறியாமல் பிழைக்கின்றன. அசையாமலிருப்பது ஒரு பலம். அசைந்து கொடுப்பது மற்றொரு பலம். எந்த இடத்தில் எது வேண்டுமென்று அறிவதுதான் தச்சனுடைய சாமர்த்தியம்.

கிரேக்க தேசத்தின் கரை குடாவும் தீவுமாக உடைந்து கிடப்பது. காற்றுக்கு ஒதுங்க அங்கே மறைவிடம் ஏராளம். சோழமண்டலக் கரையோ மைல் கணக்கில் நேராக ஓடும் மணற்கரை. வருஷம் பூராவும் அலை மோதி உடையும் இடம். சென்னையில் செயற்கைத் துறைமுக வேலை 1876-இல்தான் தொடங்கியது. அதுவரையில் பெரிய கப்பல்கள் வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். துரைகளும் துரைசானிகளும் அவர்களுடைய பெட்டிகளும் அலையைத் தாண்டிக் கரை சேர்ந்தது மசூலாப் படகில்தான். அலை தூக்கி மணலில் எறியும்போது ஐரோப்பியருடைய கெட்டியான படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிவிடும். இதைக் கண்ணால் கண்ட வெள்ளைக்காரர்கள் தங்கள் படகுகளை விட்டுவிட்டு நம் படகோட்டிகளையே நம்பினார்கள்.

காந்த மலைக் கதை

அப்படியானால் ஆணி தெரியாதவர்கள் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு கற்பனைக் கதையும் துணை செய்தது. கடலில் காந்த மலைகள் இருக்கின்றன, இரும்பு ஆணி அடித்த கப்பல்களை அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்ற கதை அது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி இப்படிப்பட்ட தீவுகளைக் குறிப்பிடுகிறார். போஜராஜன் பெயரால் வழங்கும் யுக்தி கல்பதரு என்ற வடமொழி நூலும் கடலிற் செல்லும் கப்பலுக்கு இரும்பு ஆகாதென்று காந்தத்தையே காரணம் காட்டுகிறது.

14-ஆம் நூற்றாண்டில் நம் கடல்களில் பிரயாணம் செய்த இபின் பதூதா இதைவிடப் புத்திசாலித்தனமான காரணத்தைச் சொல்லியிருக்கிறார். கடலுக்குள் பாறைகள் உண்டு. ஆணியடித்த கப்பல் அவற்றில் மோதினால் உடைந்துபோகும். கயிற்றால் தைத்ததோ இளகிக் கொடுக்கும் என்பது அவர் கருத்து. தேரின் மேற்கட்டு சொல்லும் பாடமும் அதுதான்.

நம்மவர்களுக்கு இரும்பு கிட்டாமல் போகவில்லை. ஈரோடு ஜில்லாவிலுள்ள கொடுமணலில் சங்க காலத்து இரும்பு உருக்கும் உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. கேரளத்தில் ஆலப்புழை ஜில்லாவின் கடக்கரப்பள்ளியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய மரக்கலம் வெளிப்பட்டது. 18 மீட்டருக்குமேல் நீளம், இரண்டு பாய்மரம், பலகைகள் இரும்பு ஆணியால் சேர்க்கப்பட்டவை. இது இடைக்காலத்தைச் சேர்ந்தது என்பது ஆராய்ந்தவர்கள் கருத்து. ஆகவே ஆணியும் தெரியும், கயிறும் தெரியும். இரண்டில் ஒன்றை இடமறிந்து தேர்ந்தெடுத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இரு கடல்கள் சந்தித்தபோது

இந்த இரண்டு கப்பல் ஜாதிகளும் ஒன்றையொன்று நேரில் பார்த்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. யவனருடைய கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை நம் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் பெரிப்ளூஸ் என்ற நூலை எழுதிய பெயர் தெரியாத கிரேக்க வியாபாரி, சோழமண்டலத் துறைகளில் தாம் அறிந்த உள்ளூர்க் கலங்களை வகைப்படுத்துகிறார். கரையோரம் செல்பவை ஒரு வகை. பெரிய மரங்களைக் குடைந்து இணைத்த 'சங்கரா' மற்றொரு வகை. கங்கைக்கும் பொன்னாட்டுக்கும் செல்லும் மிகப் பெரிய கப்பல்கள் மூன்றாவது வகை. சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் நாணயங்களில் இரண்டு பாய்மரக் கப்பலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

வைகையாற்று முகத்திலுள்ள அழகன்குளத்தில் கிடைத்த மட்கல ஓடு ஒன்றில் யாரோ ஒரு கப்பலைக் கீறியிருக்கிறார்கள். அது மத்தியதரைக் கடலின் பெரிய வகைக் கப்பல் என்பது அத்துறையில் நிபுணரான லயனல் காஸன் என்பாரின் அபிப்பிராயம். எதிர்த் திசையிலும் சாட்சிகள் உண்டு. எகிப்து தேசத்தில் செங்கடற்கரைத் துறையான பெரெனிகேயில் இந்தியத் தேக்குமரம் கட்டட வேலையில் பயன்பட்டிருக்கிறது. பிரித்துப்போட்ட கப்பல்களின் மரமே அது என்று அகழ்ந்தவர்கள் எண்ணுகிறார்கள். அங்கே ஒரு பெரிய இந்தியச் சாடியில் 7 கிலோவுக்கு மேற்பட்ட மிளகு அப்படியே இருந்தது. அதே கரையிலுள்ள குஸெய்ர் அல்-கதீமில் கிடைத்த ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தில் பானை வைக்கும் உறியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கயிற்றை நம்பிய ஜனங்கள் அன்னிய தேசத்திலும் உறியை மறக்கவில்லை போலும்!

வட்டையும் வெனிஸ் நகரமும்

மத்தியதரைக் கடலில் மரநாக்குப் பூட்டு ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆட்சி செய்தது. அப்புறம் அதுவும் மாறியது. ஆயிரக்கணக்கான துளைகளைப் பிசகாமல் குடைவதற்கு வேண்டிய கைத்தொழில் நேரமும் கூலியும் கட்டுப்படியாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் துளைகள் குறைந்தன. வங்குகளின் முக்கியத்துவம் கூடியது. துருக்கிக் கரையில் ஸெர்ச்செ லிமானி என்னுமிடத்தில் சுமார் கி.பி. 1025-இல் கண்ணாடிச் சரக்கோடு மூழ்கிய கப்பலில் விளிம்புப் பூட்டே இல்லை. முதலில் வங்குகளை நிறுத்தி, பிறகு பலகைகளை ஆணியால் அறைந்திருக்கிறார்கள். சுவர்க் கப்பல் போய்த் தூண் கப்பல் வந்துவிட்டது.

இதில் ஒரு புதிய வித்தை தேவைப்பட்டது. பலகை எழும்புமுன்பே கப்பலின் வடிவத்தை மனத்தில் கண்டு, ஒவ்வொரு வங்கையும் முன்கூட்டியே வளைத்து அறுத்தாகவேண்டும். வெனிஸ் நகரத்துக் கப்பல் தச்சர்கள் இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். நடுவங்கின் வடிவத்தை ஓர் அச்சாக வைத்துக்கொண்டு, அணியத்தை நோக்கியும் பின்புறத்தை நோக்கியும் மற்ற வங்குகள் எவ்வளவு குறுக வேண்டும், எவ்வளவு உயர வேண்டும் என்பதைக் கணக்கான கோடுகளால் குறித்துக்கொண்டார்கள்.

1990-களில் ஷான் மக்ரெயில், லூஸி ப்ளூ முதலிய ஆராய்ச்சியாளர்கள் தமிழ்க் கடற்கரையைச் சுற்றி வந்தபோது அதிசயமான ஒன்றைக் கண்டார்கள். தஞ்சை ஜில்லாவின் தென்கோடியிலுள்ள அதிராம்பட்டினப் பக்கத்தில் வட்டை என்ற மீன்பிடி படகைக் கட்டும் தச்சர்கள், பலகையில் கோடுகள் கீறி வங்குகளின் வடிவத்தைப் பெற்றார்கள். அந்த முறை இடைக்கால மத்தியதரைக் கடலின் முறையை ஒத்திருந்தது. போர்த்துக்கேயர் மூலமாக அது இங்கே வந்திருக்கக்கூடும் என்பது அவர்களுடைய ஊகம். கப்பல் பலகைகளின் இடுக்கை அடைப்பதற்கு நம் கரையில் வழங்கும் 'கலப்பத்து' என்ற சொல்லும் போர்த்துக்கேயரின் சொல்லோடு உறவுடையதே. யாரிடமிருந்து வந்தாலும் என்ன? தைக்கத் தெரிந்த கை, வங்கு நிறுத்தவும் கற்றுக்கொண்டது; ஐரோப்பாவின் கப்பல்தளங்கள் அந்தக் கணக்கை விட்டுவிட்ட பிறகும் இங்கே அது வழங்கி வந்தது. நல்ல வித்தையை எங்கிருந்தாலும் ஏற்றுக்கொள்வதில் நம் தச்சர்கள் படித்தவர்களைவிட முந்தியவர்கள்.

அன்னபூரணி அட்லாண்டிக் கடந்தாள்

நீராவியும் இரும்பும் வந்தபின் ஆட்டத்தின் விதிகளே மாறிப்போயின. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தபோது ஜனங்கள் அடைந்த உற்சாகத்தை நம் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் சுதேசிக் கப்பல்களை ஐரோப்பாவிலிருந்துதான் வாங்கவேண்டியிருந்தது. கப்பலை ஓட்டும் தைரியம் நம்மிடம் இருந்தது. நீராவிக் கப்பலைக் கட்டும் பட்டறை இல்லை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

மரக்கலம் கட்டும் கை அப்போதும் ஓய்ந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை மேஸ்திரிகள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் ஏறக்குறைய 90 அடி நீளமுள்ளது. உலகத்தைச் சிறு படகில் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்ஸன் என்ற அமெரிக்கர் அதன் அழகில் மயங்கி அதை விலைக்கு வாங்கினார். பெயரையும் 'புளோரன்ஸ் ஸி. ராபின்ஸன்' என்று மாற்றினார். தம்பிப்பிள்ளை என்ற தண்டையலும் அவருடன் சென்ற தமிழ் மாலுமிகளும் 1937-இல் புறப்பட்டார்கள். சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து, ஜிப்ரால்டரைக் கடந்து, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைத் தாண்டினார்கள். 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கப்பல் நங்கூரமிட்டது. கிரேக்கரும் பினீஷியரும் கப்பல் விட்ட கடலின் கீழ்க்கோடியிலிருந்து மேற்கோடி வரையில் தமிழ் மேஸ்திரி கட்டிய கப்பல் பாய் விரித்துச் சென்றது. நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கலாம் அல்லவா?

எழுதி வைப்பவர் யார்?

இந்த வித்தையை நம்மவர்கள் அடியோடு எழுதி வைக்கவில்லை என்று சொல்லமுடியாது. தரங்கம்பாடியோடு தொடர்புடைய 'கப்பல் சாத்திரம்' என்ற ஏட்டுச்சுவடியைச் சென்னை அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நிலையம் 1950-இல் அச்சிட்டது. ஆனால் அதில் பெரும்பகுதி மரத்தின் குணமும் நாளும் கோளும் சுப அளவுகளும்தான். கயிற்றை எப்படி இழுப்பது, பலகையை எவ்வளவு நெருப்புக் காட்டி வளைப்பது என்பவற்றைத் தகப்பன் மகனுக்குக் கைபிடித்துக் காட்டினான். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டால் நூல் அறுந்துவிடும்.

கிரேக்கருடைய வித்தை அப்படித்தான் அறுந்தது. மரநாக்குப் பூட்டின் ரகசியத்தை அறியக் கடலின் அடியில் மூழ்க வேண்டியதாயிற்று. கைரீனியாக் கப்பலின் துண்டுகளை வருஷக்கணக்கில் பொருத்திப் பார்த்து அதன் வடிவத்தை மீட்டவர் ரிச்சர்டு ஸ்டெஃபி. அவர் மின்சார வேலையைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்; இந்த ஆசையால் அதை விட்டு வந்தவர். அவருடைய ஆராய்ச்சியின் பலனாக 1985-இல் கைரீனியாவின் மறுபிரதி ஒன்று கிரீஸில் நீரில் இறங்கியது. 1987-இல் மூன்றடுக்குத் துடுப்புக் கப்பலும் 'ஒலிம்பியாஸ்' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. அதே கிரீஸில் பிற்காலத்தில், மீன்பிடிப்பைக் குறைப்பதற்காக ஐரோப்பிய யூனியன் அளித்த நஷ்டஈட்டைப் பெற்றுக்கொண்டு ஆயிரக்கணக்கான பழைய மரப்படகுகளை உடைத்துத் தள்ளினார்கள் என்பதையும் சொல்லியாகவேண்டும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியதைத் தேடுகிறவர்களும் கண்ணெதிரில் இருப்பதை இழந்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் 2025 மே மாதத்தில் கார்வாரில் 'கௌண்டின்யா' என்ற தைத்த கப்பல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அஜந்தாக் குகைச் சித்திரத்தில் காணும் கப்பலை மாதிரியாகக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யின் பரிசோதனைத் துணையுடன், கேரளத்துக் கைவினைஞர் பாபு சங்கரன் தலைமையில் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டது அது. தைக்கத் தெரிந்த கைகள் இன்னும் இருந்தபடியால்தான் அந்தக் காரியம் கைகூடிற்று. ஆனால் சோழமண்டலக் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடி நார்ப் படகுகள் வெகு வேகமாகப் பிடித்துவிட்டன. மீனவருக்கு அவை சௌகரியமாயிருக்கின்றன. அவற்றை வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தச்சருடைய அறிவும் பழைய மரத்தோடு சேர்ந்து அடுப்புக்குப் போகவேண்டியதில்லை என்பதுதான் நம் முறையீடு.

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. விடுமுறையில் கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ தூத்துக்குடிக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள், அலையில் கால் நனைத்ததோடு திரும்பவேண்டாம். படகு கட்டும் இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். வயதான மேஸ்திரி எவரேனும் இருந்தால், இது என்ன மரம், இந்தக் கட்டைக்கு என்ன பெயர், இந்த அளவு எப்படி வந்தது என்று மரியாதையுடன் கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். ஓரிரண்டு படங்களும் வரையட்டும். ஊருக்குப் பத்துப் பிள்ளைகள் இப்படிச் செய்தால், கிரேக்கர்கள் கடலுக்கடியில் தேடிய புத்தகத்தை நாம் கரையிலேயே எழுதி முடித்துவிடலாம்.